வெப்பநிலையும் உப்பும் கொண்டு கடலோட்டத்தைக் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்கடல்களில் எவ்வளவு நீர் எந்தப் பக்கம் போகிறது என்று செய்திகளில் வரும் எண்களில் பெரும்பகுதி, ஓட்டத்தை நேரடியாக அளந்து கிடைத்தவை அல்ல. நீரின் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் அளந்து, அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்றவை. அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

வெப்பநிலையை அளந்தால் ஓட்டத்தின் வேகம் எப்படித் தெரியும்?

வெப்பநிலையும் உப்பும் தெரிந்தால் நீரின் அடர்த்தி தெரிந்துவிடும். அடர்த்தியை மேலிருந்து கீழ்வரை கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வோர் ஆழத்திலும் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று சொல்லலாம். அருகருகே உள்ள இரண்டு இடங்களில், ஒரே ஆழத்தில் அழுத்தம் வேறுபட்டால், நீர் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகப் பார்க்கும். ஆனால் பூமி சுழல்கிறது. கொரியாலிஸ் விசை அந்த நீரை வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் திருப்பிவிடும். பல பத்து கிலோமீட்டர் அகலமும் சில நாட்களுக்கு மேல் ஆயுளும் உள்ள ஓட்டங்களில் இந்த இரண்டு விசைகளும் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுவதுமாகச் சமன் செய்துகொள்கின்றன. அதனால் நீர் அழுத்தச் சரிவில் இறங்குவதில்லை, சரிவுக்குக் குறுக்காக ஓடுகிறது. இதற்கு ஜியோஸ்ட்ரோஃபிக் சமநிலை என்று பெயர்.

மேற்பரப்பில் வேகம் அதிகமாக உள்ள ஓட்டத்துக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. வட அரைக்கோளத்தில், ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இலேசான நீர் இருக்கும், இடப்பக்கம் கனமான நீர் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

30 பாகை வட அட்சரேகையில், கிழக்கு மேற்காக 100 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். மேல் 1000 மீட்டரில், மேற்கே உள்ள நீர் கிழக்கே உள்ளதைவிடக் கன மீட்டருக்கு அரைக் கிலோ கனம். 1000 மீட்டர் ஆழத்தில் இரண்டு பக்கமும் அழுத்தம் சமம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இலேசான கிழக்குப் பக்கத்து நீர், 0.5 ÷ 1025 × 1000, அதாவது ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் உயரமாக நிற்க வேண்டும்.

100 கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. கப்பலில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அதை வேகமாக மாற்றிப் பாருங்கள். புவியீர்ப்பு 9.8 × உயர வேறுபாடு 0.49, அதை அந்த அட்சரேகையின் கொரியாலிஸ் எண்ணாலும் (0.0000729) தூரத்தாலும் (1,00,000 மீட்டர்) வகுத்தால், மேற்பரப்பில் வினாடிக்கு 66 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. கீழே போகப் போக வேகம் சீராகக் குறைந்து 1000 மீட்டரில் சுழியாகிறது என்றால் சராசரி 33 சென்டிமீட்டர். குறுக்குப் பரப்பு 10 கோடி சதுர மீட்டர். ஆக, வினாடிக்கு 3.3 கோடி கன மீட்டர் நீர்.

கடலியலில் வினாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டரை ஒரு ஸ்வெர்ட்ரப் என்பார்கள். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது ஏறக்குறைய 1.2 ஸ்வெர்ட்ரப்தான். நம் கணக்கில் வந்தது 33. அமெரிக்காவின் தென்கிழக்கு முனையை ஒட்டிய ஃபுளோரிடா நீரிணை வழியாக நிஜமாகவே ஓடுவது ஏறக்குறைய 32. எளிமைக்காக எடுத்த எண்கள்தான் என்றாலும், நிஜக் கடலின் அளவுகளுக்கு அருகிலேயே நிற்கின்றன.

“அழுத்தம் சமம் என்று வைத்துக்கொள்வோம்” என்றீர்களே, அது எப்படித் தெரியும்?

தெரியாது. இந்தத் துறையின் நூறாண்டுச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அடர்த்தி நமக்குத் தருவது ஓர் ஆழத்துக்கும் இன்னோர் ஆழத்துக்கும் இடையிலான வேக வித்தியாசத்தை மட்டுமே. மாடிப்படி ஒவ்வொன்றின் உயரமும் தெரியும், ஆனால் முதல் படி எந்த மாடியில் தொடங்குகிறது என்று தெரியாது என்பது போன்ற நிலை. எங்காவது ஓர் ஆழத்தில் வேகம் இவ்வளவு என்று வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் மற்ற ஆழங்களின் வேகங்கள் உறுதியாகும்.

விட்டுப்போன அந்த எண் சிறியதுதானே என்று தள்ளிவிட முடியாது. அட்லாண்டிக்கின் அகலம் 6000 கிலோமீட்டர், ஆழம் 4000 மீட்டர் என்று வைத்தால், வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் பிழை கடலின் முழு அகலத்துக்கும் விழும்போது 24 ஸ்வெர்ட்ரப் ஆகிவிடும். நாம் தேடும் தொகையே அதைவிடக் குறைவு. கடலோட்ட எண் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, இந்த விட்டுப்போன எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர்கள் யார்?

வில்ஹெல்ம் பியெர்க்னஸ் 1898இல் தந்த சுழற்சித் தேற்றத்தை எடுத்துக்கொண்டு, 1903இல் பியோர்ன் ஹெல்லண்ட்-ஹான்சனும் யோஹான் சாண்ட்ஸ்ட்ரோமும் கடலுக்குப் பொருந்தும் கணக்காக மாற்றினார்கள். நார்வேயின் பெர்கன் நகரம் இதன் பள்ளிக்கூடமாயிற்று. டைட்டானிக் மூழ்கிய பிறகு தொடங்கிய பனிப்பாறைக் கண்காணிப்பில் பணியாற்றிய அமெரிக்கக் கடலோரக் காவல் அதிகாரி எட்வர்ட் ஸ்மித், அங்கே போய் இதைக் கற்றுக்கொண்டு வந்து, கனடாவின் கிழக்குக் கரையோரம் தெற்கே வரும் லாப்ரடார் ஓட்டம் பனிப்பாறைகளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணக்கிட 1920களில் பயன்படுத்தினார். கப்பல்களையும் உயிர்களையும் காக்கும் அன்றாட வேலைக்கு இந்தக் கணக்கு அப்போதே வந்துவிட்டது.

நிஜ ஓட்டத்தோடு ஒப்பிட்டு யாராவது சரிபார்த்தார்களா?

பார்த்தார்கள். ஜான் பில்ஸ்பரி 1880களின் பிற்பாதியில் ‘பிளேக்’ கப்பலை ஃபுளோரிடா நீரிணையின் வேகமான ஓட்டத்தில் நங்கூரமிட்டு நிறுத்தி, வெவ்வேறு ஆழங்களில் வேகத்தை நேரடியாக அளந்திருந்தார். 1924இல் ஜெர்மனியின் கேயோர்க் வூஸ்ட், அதே நீரிணையின் வெப்பநிலை, உப்பு அளவீடுகளிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு அவற்றோடு ஒப்பிட்டார். இரண்டும் நன்றாகப் பொருந்தின. அதன் பிறகு இந்த முறைமேல் நம்பிக்கை உறுதிப்பட்டது.

விட்டுப்போன எண்ணை அந்தக் காலத்தில் எப்படி நிரப்பினார்கள்?

ஆழத்தில் ஏதோ ஒரு மட்டத்தில் நீர் அசைவதே இல்லை என்று கொண்டார்கள். அதற்கு அசைவற்ற மட்டம் என்று பெயர். ஆழ்கடல் ஏறக்குறைய உறங்குகிறது என்ற எண்ணம் அப்போது பலருக்கு இருந்ததால், 1500 அல்லது 2000 மீட்டரில் சுழி என்று வைப்பது வழக்கமாயிற்று.

அந்த எண்ணத்தைக் குலைத்தவர் பிரிட்டனின் ஜான் ஸ்வாலோ. குறிப்பிட்ட ஆழத்தில் நடுநிலையாக மிதந்து, ஒலி எழுப்பித் தன் இருப்பிடத்தைச் சொல்லும் மிதவையை 1955இல் உருவாக்கினார். 1957இல், அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில், அதற்கு எதிர்த்திசையில், தெற்கு நோக்கி ஓர் ஆழ ஓட்டம் போவதை அந்த மிதவைகள் காட்டின. ஹென்றி ஸ்டோமெல் கோட்பாட்டளவில் எதிர்பார்த்திருந்த ஓட்டம் அது. பிறகு 1959–60இல் பெர்முடா அருகே ‘ஏரிஸ்’ என்ற படகிலிருந்து விட்ட மிதவைகள், ஆழத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகமாக, தாறுமாறான திசைகளில் போயின. காரணம் சுழல்கள். 100 கிலோமீட்டர் அளவுள்ள, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் சுழல்கள் கடல் முழுவதும் நிறைந்திருக்கின்றன என்பது அதன் பிறகுதான் புரியத் தொடங்கியது.

அப்படியானால் இன்று என்ன செய்கிறார்கள்? தலைகீழ்க் கணக்கு என்கிறார்களே?

1970களின் பிற்பாதியில் இரண்டு வழிகள் வந்தன. ஸ்டோமெலும் ஃப்ரீட்ரிக் ஷாட்டும் 1977இல் காட்டியது பீட்டா சுருள் முறை. ஆழத்தோடு ஓட்டத்தின் திசை திரும்பும் விதத்திலிருந்தே முழு வேகத்தைப் பிடிக்கலாம் என்பது அதன் சாரம். கார்ல் வுன்ஷ் கொண்டுவந்தது தலைகீழ்க் கணக்கு. பிற்கால வேலைகளில் பெரும்பகுதி இதன்மேல் கட்டப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கடலின் குறுக்கே இரண்டு கோடுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக அளவீட்டு நிலையங்கள். இரண்டு கோடுகளும் இரண்டு கரைகளும் சேர்ந்தால் மூடிய ஒரு பெட்டி கிடைக்கும். அந்தப் பெட்டிக்குள் வரும் நீரும் வெளியே போகும் நீரும் நீண்ட காலச் சராசரியில் சமமாக இருந்தாக வேண்டும். உப்பும் அப்படியே. கடலை அடர்த்தி வாரியாகப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாகப் பிரித்தால், ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறக்குறைய அதே விதியை எழுதலாம். ஒவ்வொரு விதியும் ஒரு சமன்பாடு. ஒவ்வொரு நிலைய இணைக்கும் விட்டுப்போன வேகம் ஓர் அறியாத எண்.

பெரும்பாலும் அறியாதவை நூற்றுக்கணக்கில், சமன்பாடுகள் சில பத்துகளில் இருக்கும். ஒரே விடை கிடைக்காது, எண்ணற்ற விடைகள் கிடைக்கும். எல்லாச் சமன்பாடுகளையும் அவற்றின் பிழை வரம்புக்குள் நிறைவு செய்து, தேவையில்லாத வேகத்தைச் சேர்க்காத விடையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. அதோடு, எந்த எண் உறுதியாகத் தெரிந்தது, எது வெறும் ஊகத்தைச் சார்ந்தது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய கொடை இதுதான். அசைவற்ற மட்டம் வைத்துப் போட்ட பழைய கணக்கில் பிழை எவ்வளவு என்று சொல்ல வழியே இல்லை.

1990களில் உலகக் கடல் சுற்றோட்டப் பரிசோதனை என்ற பன்னாட்டுத் திட்டம் எல்லாப் பெருங்கடல்களிலும் குறுக்குக் கோடுகள் போட்டு அளந்தது. அந்தத் தரவை வைத்து அலெக்சாண்டர் கானஷோவும் வுன்ஷும் 2000இல் உலகக் கடல் முழுவதற்கும் ஒரே தலைகீழ்க் கணக்கை வெளியிட்டார்கள். வட அட்லாண்டிக்கில் ஆழ்ந்து திரும்பும் நீர் 15 ஸ்வெர்ட்ரப், பிழை 2 என்று அதில் வந்தது. அந்த “பிழை 2” எனக்கு 15ஐப் போலவே முக்கியம்.

வெப்பநிலை போதாதா? உப்பை ஏன் இவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டும்?

வெப்பமண்டல மேற்பரப்பில் ஒரு பாகை செல்சியஸ் மாறினால் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ மாறும். துருவத்தின் குளிர்ந்த நீரில் அதே ஒரு பாகைக்கு 0.1 கூட மாறாது. உப்போ, கிலோவுக்கு ஒரு கிராம் கூடினால் எங்கும் 0.7, 0.8 கிலோ கூட்டிவிடும். ஆகவே குளிர்ந்த கடல்களில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உப்புதான். ஆற்று நீர் கொட்டும் கடல்களிலும் அப்படியே.

துல்லியம் பற்றி ஒரு கணக்கு. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் மட்டும், மேலிருந்து 4000 மீட்டர்வரை உப்பைக் கிலோவுக்கு 0.002 கிராம் கூடுதலாக அளந்துவிட்டோம் என்று கொள்வோம். அது மட்டுமே 26 பாகை அட்சரேகையில் 2 ஸ்வெர்ட்ரப் அளவுக்குப் பொய்யான ஓட்டத்தை உண்டாக்கிவிடும். அதனால்தான் ஆய்வுக் கப்பல்களில், ஆழத்தோடு வெப்பநிலையையும் உப்பையும் அளக்கும் சிடிடி என்ற கருவியைக் கம்பியில் கட்டி இறக்கும்போது, அதைச் சுற்றி 24 அல்லது 36 பாட்டில்கள் கொண்ட வளையத்தையும் சேர்த்து இறக்குகிறார்கள். மேலே வரும்போது வெவ்வேறு ஆழங்களில் பாட்டில்கள் மூடிக்கொள்ளும். அந்த நீரைக் கப்பலின் ஆய்வறையில், உப்பளவு முன்பே உறுதி செய்யப்பட்ட திட்ட நீரோடு ஒப்பிட்டு, சிடிடி காட்டிய எண்ணைத் திருத்துவார்கள். 5000 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடத்தில் இறக்கி ஏற்றவே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இந்தப் பொறுமையான வேலை இல்லாவிட்டால் மேலே சொன்ன கணித நேர்த்திகளால் ஒரு பயனும் இல்லை.

கடல் முழுவதும் நிலையங்கள் வேண்டுமா? இரண்டு கரைகளில் மட்டும் அளந்தால் போதாதா?

அருமையான கேள்வி. முதல் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: வேகத்தைக் காணத் தூரத்தால் வகுத்தோம், மொத்த நீரைக் காண அதே தூரத்தால் பெருக்கினோம். தூரம் அடிபட்டுப் போகிறது. ஆக, இரண்டு முனைகளின் அடர்த்தி தெரிந்தால், நடுவில் எத்தனை சுழல்கள் இருந்தாலும், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு முனைகளுக்கு இடையே கடக்கும் மொத்த நீர், ஒரு மட்டத்தைச் சார்ந்து, கிடைத்துவிடும்.

26.5 பாகை வட அட்சரேகையில் 2004 முதல் நடக்கும் ராபிட் திட்டம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்துவது. மேற்கே பகாமாஸ் அருகிலும், கிழக்கே ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியும், நடுவில் கடலடி மலைத்தொடரின் இரு பக்கங்களிலும், கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளில் வெப்பநிலை, உப்பு உணரிகள் தொங்குகின்றன. ஃபுளோரிடா நீரிணையில் ஓடுவதைக் கடலடித் தொலைபேசிக் கம்பி சொல்லிவந்தது: உப்பு நீர் பூமியின் காந்தப்புலத்தைக் கடக்கும்போது எழும் மின்னழுத்தத்தை அந்தக் கம்பியில் 1982 முதல் அளந்துவந்தார்கள். காற்று நேரடியாகத் தள்ளும் மேல்மட்ட நீரைக் காற்றின் தரவிலிருந்து எடுக்கிறார்கள். விட்டுப்போன எண்? வடக்கே போவதும் தெற்கே வருவதும் மொத்தத்தில் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியால் நிரப்பப்படுகிறது.

இவ்வளவும் சேர்த்துக் கிடைக்கும் சராசரி ஏறக்குறைய 17 ஸ்வெர்ட்ரப். வெதுவெதுப்பான நீர் மேலே வடக்கே போய், குளிர்ந்து அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்பும் அளவு அது.

அந்த ஓட்டம் 30 விழுக்காடு குறைந்துவிட்டது என்று படித்தேன். உண்மையா?

2005இல் ஹாரி பிரைடனும் உடன் பணியாற்றியவர்களும், 1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் குறுக்கே கப்பல் போய் அளந்ததை ஒப்பிட்டார்கள். 1957இல் 22.9, 2004இல் 14.8 ஸ்வெர்ட்ரப் என்று வந்தது. தலைப்புச் செய்தியானது.

அப்புறம் ராபிட் திட்டத்தின் முதல் ஓராண்டுத் தரவு 2007இல் வெளியானது. அந்த ஓராண்டுக்குள்ளேயே ஓட்டம் 4 ஸ்வெர்ட்ரப் முதல் 35 வரை ஏறி இறங்கியிருந்தது. பருவத்துக்குப் பருவம் மாறுவதும் தெளிவாயிற்று. ஐந்து கப்பல் பயணங்களும் வெவ்வேறு மாதங்களில் நடந்தவை. அவை காட்டிய சரிவில் பெரும்பகுதி பருவ வேறுபாட்டாலேயே வந்திருக்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். அளவீடுகள் சரி, கணக்கும் சரி. ஐந்தே ஐந்து நிழற்படங்களிலிருந்து ஐம்பதாண்டுப் போக்கைச் சொல்லியதுதான் தாங்கவில்லை.

இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நூற்றாண்டில் அந்த ஓட்டம் பலவீனமடையும் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. 2100க்குள் திடீரென நின்றுவிடாது என்பதில் அதற்கு நடுத்தர நம்பிக்கைதான். இருபதாம் நூற்றாண்டில் நடந்தது பற்றி இன்னும் குறைவான நம்பிக்கையே. விடாமல் தொடரும் அளவீட்டுக்கு நிதி கேட்டுப் போராடுகிறவர்களின் பக்கம் நான் நிற்பது இதனால்தான்.

ஆர்கோ மிதவைகள் இதில் என்ன செய்கின்றன?

உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 மிதவைகள். ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல மிதந்து, 2000 மீட்டருக்கு இறங்கி, மேலே வரும் வழியெங்கும் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி இறங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை இது நடக்கும்.

பலர் கவனிக்காதது அந்த ஒன்பது நாள் மிதப்பை. மூழ்கிய இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் உள்ள தூரம், 1000 மீட்டர் ஆழத்தின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓட்டம் கூட ஒன்பது நாளில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நகர்த்திவிடும். அடர்த்தியும் கிடைக்கிறது, விட்டுப்போன எண்ணும் கிடைக்கிறது, ஒரே மிதவையிலிருந்து. 2014இல் ஆலிசன் கிரேயும் ஸ்டீவன் ரைசரும் இதைக் கொண்டு உலகளாவிய முழு வேக வரைபடத்தைத் தந்தார்கள். குறை என்னவென்றால், 2000 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான மிதவைகள் போவதில்லை. 6000 மீட்டர்வரை இறங்கும் வகை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது.

செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளக்கிறதே, அது போதாதா?

மேற்பரப்பு ஓட்டத்துக்கு மிகவும் உதவும். கீழே என்ன நடக்கிறது என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம்.

நம் வங்கக்கடலில் இந்தக் கணக்கு பலிக்குமா?

பலிக்கும், ஆனால் கவனம் வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கொரியாலிஸ் எண் சுருங்கிக்கொண்டே வரும், கோட்டின்மேல் சுழி. அங்கே சுழியால் வகுக்க வேண்டிவரும், முறை உடைந்துவிடும். சென்னையின் 13 பாகையில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் 100 கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு, 26.5 பாகையில் வினாடிக்கு 15 சென்டிமீட்டர் என்றால், சென்னையில் 30 ஆகிவிடும். அளவீட்டுப் பிழையும் அதே அளவுக்கு இரட்டிக்கும்.

இங்கே உப்பை விட்டுவிட்டுக் கணக்குப் போடவே கூடாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீரால் வங்கக்கடலின் வடபகுதி மேற்பரப்பு உப்புக் குறைந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையோரம் தெற்கே ஓடும் நீவாடு (கடலோட்டம்) அந்த உப்புக் குறைந்த நீரைத் தமிழகக் கரையோரமாக இழுத்துவரும். பிப்ரவரி முதல் மே வரை அதே கரையோரத்தில் ஓட்டம் வடக்கே திரும்பிவிடும். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நங்கூரமிட்டிருக்கும் மிதவைகள் 500 மீட்டர் வரை வெப்பநிலையையும் உப்பையும் அளக்கின்றன. இந்தியாவின் ஆர்கோ தரவை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கையாள்கிறது.

நானே செய்து பார்க்க முடியுமா?

முடியும். ஆர்கோ தரவு எல்லோருக்கும் இலவசம். பைத்தான் தெரிந்தால் ஜிஎஸ்டபிள்யூ என்ற கடல்நீர்க் கணக்குத் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். வங்கக்கடலின் மேற்கில், ஒரே அட்சரேகைக்கு அருகில், 100 முதல் 200 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டொரு நாள் வித்தியாசத்தில் எழுந்த இரண்டு மிதவைகளைத் தேடுங்கள். மார்ச் மாதத்தில் ஓர் இணை, நவம்பரில் ஓர் இணை. தரக்குறி ‘1’ (நல்ல தரவு) உள்ள அளவுகளை மட்டும் எடுத்து, 1000 மீட்டரைச் சார்ந்து ஒவ்வொரு மிதவைக்கும் இயக்க உயரத்தை (முதல் கணக்கில் 49 சென்டிமீட்டர் வந்ததே, அதுபோல அடர்த்தியால் வரும் உயரம்) கணக்கிட்டு, கழித்து, தூரத்தாலும் கொரியாலிஸ் எண்ணாலும் வகுங்கள். அந்தத் தொகுப்பு இயக்க உயரத்தைப் புவியீர்ப்பால் பெருக்கிய அலகிலேயே தருகிறது, ஆகவே மறுபடி 9.8ஆல் பெருக்க வேண்டாம். பிறகு 1000க்குப் பதில் 1500 மீட்டரை வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மேற்பரப்பு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை விடையின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கரையோர ஓட்டம் குறுகியது, இடையில் சுழல்களும் உண்டு. அதனால் ஓர் இணையில் திசை தவறாக வந்தால் விட்டுவிடாமல், வேறு ஆண்டுகளின் அதே மாதத்தில் இன்னும் சில இணைகளை எடுத்துச் சராசரி பாருங்கள்.